சனிக்கிழமைக் கொப்பிகள்

சனிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணிக்கு எழுத்து வகுப்பு என்று பொதுநோக்கு மண்டபத்தின் அறிவித்தல் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாளாவது இரண்டரைக்குத் தொடங்கியதில்லை. சோறு கறி சமைத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அதற்குப் பிறகு முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு அவர்கள் வந்துசேர மூன்று மணி தாண்டிவிடும். பவுடர் பூசாமல் ஒருவரும் வருவதில்லை. வயலுக்குப் போகும்போது பூசாதவர்கள் இதற்கு மட்டும் ஏன் பூசுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பள்ளிக்கூடம் போற எண்டா சும்மாவா மிஸ்?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

எழுதப் படிப்பிப்பது என்னுடைய தொழில் அல்ல. நான் சமூகவியல் படித்துவிட்டு 2015 முதல் படுவான்கரைக் கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்து வருகிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தைத்தான் படுவான்கரை என்கிறோம். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். இப்போது ஸ்கூட்டியில் ஐந்து நிமிடமும் செல்லாது. பாலம் வந்தது நல்லதுதான். ஆனால் பாதைக்காகக் காத்து நிற்கும் நேரத்தில் பெண்கள் கதைக்கும் கதைகள் இல்லாமல் போய்விட்டன என்று எங்கள் குழுவிலுள்ள ஒரு அக்கா அடிக்கடி சொல்வார்.

வகுப்புத் தொடங்கியதற்கு நான் காரணம் அல்ல. 2023 இல் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது, பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. அந்த நாட்களில் என் மேசைக்கு முன்னால் காலையிலிருந்து வரிசை. நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்து வைப்பார்கள். சிலர் கைநாட்டு வைப்பார்கள். மூன்றாவது தடவையும் வந்து நின்ற ஒரு அக்கா, கையிலிருந்த படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, "எத்தின நாளைக்கு உங்களிட்ட வந்து நிக்கிற மிஸ்? நீங்க மாற்றலாகிப் போனா நாங்க ஆரிட்டப் போற? எழுதக் காட்டித் தாங்களேன்" என்றார். அதற்கு அடுத்த மாதம் தொடங்கிய வகுப்பு இது. முதலில் நான்கு பேர், இப்போது பதினொரு பேர். முன்மாரி வெள்ளாமை வெட்டும் நாட்களில் வகுப்பு நடக்காது.

இவர்களில் பலர் எழுத்தே தெரியாதவர்கள் அல்ல. 1990 யூனில் சண்டை மறுபடி மூண்டபோது எட்டு வயதும் ஒன்பது வயதுமாக இருந்தவர்கள். மூன்றாம் வகுப்போடு புத்தகப் பை எங்கோ ஒரு முகாமில் போய்விட்டது. பஸ்ஸின் பெயர்ப்பலகை வாசிப்பார்கள். போனில் மகனின் பெயரைத் தேடி எடுப்பார்கள். கணக்கு எல்லோருக்கும் வாயிலேயே இருக்கிறது. தயிர் விற்கும் அக்கா ஒருவர், எத்தனை சட்டி, எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்று மூன்று மாதத்துக் கணக்கைத் தாளில்லாமல் சொல்வார். ஆனால் வெள்ளைத் தாளைக் கண்டால் கை வராது. பென்சிலை மண்வெட்டிப் பிடி மாதிரி இறுக்கிப் பிடிப்பார்கள். கொப்பியின் மறுபக்கத்தில் எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும்.

முதல் நாள், தமிழில் 247 எழுத்துகள் என்று பெரிய ஆசிரியை போலச் சொல்லிவிட்டேன். ஒருவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு ரெண்டு பேரப்புள்ள இரிக்கு மிஸ், அதுக்குள்ள எங்க இருநூறு எழுத்துப் படிக்கிற?" உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மிச்சம் 216 உம் உயிரும் மெய்யும் சேர்ந்து பிறப்பவை, கொம்பும் அரவும் விசிறியும் போடத் தெரிந்தால் போதும் என்று பலகையில் காட்டினேன். அவர் விரலை மடித்து எண்ணிப் பார்த்தார். "அப்ப முப்பத்தொண்டுதானே. அதை முதல்ல சொல்லி இரிக்கலாமே." அன்றிலிருந்து யாராவது புதிதாக வந்தால் அவர்தான், "பயப்படாத கா, முப்பத்தொண்டுதான்" என்று சொல்லி உட்கார வைப்பார்.

ஒரு பிழையும் சிரிப்பில்லாமல் போவதில்லை. "மகன் பல்லிக்குப் போனான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததும் மண்டபமே சிரித்தது. எழுதியவர்தான் அதிகம் சிரித்தார். "அவன் பள்ளிக்குப் போறதும் பல்லிக்குப் போறதும் ஒண்டுதான், சுவரைத்தான் பாத்துக்கிட்டு இரிப்பான்." லகர ளகர வேறுபாட்டை அதற்குப் பிறகு நான் படிப்பிக்க வேண்டி வரவில்லை.

அம்மாச்சி ஒருவர் வருகிறார், அறுபத்தைந்து வயதுக்கு மேல். அவர் 'லை', 'னை' எழுதும்போது எழுத்தின் தலைக்கு மேலால் தும்பிக்கை போல வளைத்துப் போடுவார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதைப் பிழை என்று சொல்லி அழித்து அழித்து எழுத வைத்திருக்கிறாள். கொப்பியில் அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. அது பிழையில்லை, பழைய எழுத்து. தமிழ்நாட்டு அரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து அந்தத் தும்பிக்கையை எடுத்தது. பிறகு எங்கள் பாடநூல்களிலும் புதிய வடிவமே வழக்கத்துக்கு வந்தது. அம்மாச்சி பள்ளிக்குப் போன நான்கு வருடங்களில் கற்றது இன்னும் அவர் கையில் இருக்கிறது என்பதுதான் விசயம். இதை நான் சொன்னதும் அவர் பேத்தியின் பெயரைச் சொல்லி, "வீட்ட போய்ச் சொல்றன் அவளுக்கு" என்றார். அன்று முழுவதும் தும்பிக்கை போட்டே எழுதினார். 'ன' வுக்கு மட்டுமல்ல, தேவையில்லாத இடங்களிலும் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சிவப்புப் பேனையை இரண்டாம் கிழமையோடு விட்டுவிட்டேன். திருத்திய கொப்பியைப் பார்த்துவிட்டு ஒரு தங்கச்சி அடுத்த சனி வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, இவ்வளவு பிழையென்றால் எனக்கு இது சரிவராது என்றாள். இப்போது பென்சிலால், எழுத்துக்குக் கீழே சின்னப் புள்ளி மட்டும். அவர்களே பார்த்துத் திருத்துவார்கள். திருத்தாமல் விடுவதும் உண்டு.

எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகு, இந்தக் கிழமை உங்களுக்குச் சந்தோசம் தந்த ஒன்றை ஒரு வரியில் எழுதுங்கள் என்றேன். ஒருவரும் எழுதவில்லை. சோகம் என்றால் உடனே எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் இத்தனை வருடமாக அதைத்தானே கேட்டு வந்திருக்கிறோம். எப்போது இடம்பெயர்ந்தீர்கள், யாரை இழந்தீர்கள், என்ன சேதம். சந்தோசத்துக்கு எந்தப் படிவத்திலும் இடம் விட்டதில்லை. "சந்தோசம் எண்டா எப்பிடியான சந்தோசம் மிஸ்?" என்று ஒருவர் கேட்டார். சின்னச் சந்தோசமும் சரி என்றேன். நெடுநேரத்துக்குப் பிறகு தயிர்க்கார அக்கா எழுதினார்: "எங்கட பசு கண்டு போட்டது. வெள்ளக் கண்டு." வாசித்துக் காட்டியதும் பக்கத்திலிருந்தவர், "நாம்பனா நாகா?" என்று கேட்க, அவர் மறுபடி கொப்பியை இழுத்து "நாகு" என்று சேர்த்துக்கொண்டார். எழுத்தென்றால் அடுத்தவர் கேட்கும் கேள்விக்கு இடம் வைப்பது என்று நான் படிப்பிக்காமலேயே அன்று படித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கொப்பிகளில் வந்தவை: வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மருமகள் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். சீட்டு எனக்கு விழுந்தது. மூன்று வருசமாகக் காய்க்காத மா காய்த்தது. மகள் தலையிலே பேன் இல்லை. ஞாயிறு இரவுகளில் இந்தக் கொப்பிகளைத் திருத்துவதுதான் என்னுடைய கிழமையின் நல்ல நேரம். அலுவலக அறிக்கைகளை எழுதும்போது வரும் கொட்டாவி இதற்கு வருவதில்லை.

எனக்குத் தீராத ஒரு சந்தேகம் உண்டு. அவர்கள் 'இரிக்கு' என்று எழுதுகிறார்கள். 'இருக்கிறது' என்று திருத்துவதா விடுவதா? "நான் கதைக்கிற மாதிரி எழுதினா அது எழுத்து இல்லையா?" என்று ஒரு அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. கொப்பிக்கு அது சரி. அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தை அப்படி எழுதினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை இவர்கள் போதியளவு பார்த்துவிட்டார்கள். ஆகவே இரண்டையும் படிப்பிக்கிறேன். திகதி, உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், யாருக்கு, என்ன விடயம். பிறகு நடந்ததை நடந்த ஒழுங்கில். கடைசியில் கையொப்பம். அனுப்புவதற்கு முன் போட்டோக் கொப்பி ஒன்று எடுத்து வைக்க வேண்டும். பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டை அந்தப் பிரதியோடு குத்தி வைக்க வேண்டும்.

"தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று பலகையில் எழுதியபோது பெரிய வாக்குவாதம் வந்தது. ஏன் தாழ்மை? எங்களுக்குரியதைத்தானே கேட்கிறோம்? அம்மாச்சி நடுவில் புகுந்தார். ஒவ்வொரு வைகாசியிலும் அம்மன் கோயிலில் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்தவர். "கண்ணகி பாண்டியனிட்டத் தாழ்மையாவா கேட்டவ?" என்றார். சிறிது யோசித்துவிட்டு, "ஆனா அவ எழுதிக் குடுக்கல்ல. சிலம்பைக் கொண்டு போய்க் காட்டினவ. நம்மட்டச் சிலம்பு இல்லையே, எழுதத்தான் வேணும்" என்று அவரே முடித்தார். 'தாழ்மையுடன்' என்ற சொல்லை விரும்பியவர்கள் போடலாம், விரும்பாதவர்கள் விடலாம் என்று தீர்மானித்தோம். ஏழு பேர் விட்டார்கள்.

நுண்கடன் விசயத்தையும் சொல்ல வேண்டும். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து கட்டுப்பணம் வாங்குபவர்கள் நீட்டும் தாளில், எத்தனையோ பெண்கள் அது என்னவென்று தெரியாமல் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலுள்ள ஒருவர், தாளைத் தாருங்கள் வாசித்துவிட்டு வைக்கிறேன் என்று சொல்லி, விறாந்தையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி முக்கால் மணித்தியாலம் வாசித்தாராம். வந்த தம்பி மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றக் கடன்காரியின் பிணை தன் பெயரில் இருப்பது இரண்டாம் பக்கத்தில் தெரிந்தது. அவர் கையெழுத்து வைக்கவில்லை. அதனால் அயல்வீட்டுக்காரியோடு பேச்சு வார்த்தை இல்லாமல் போய்விட்டது. வாசிக்கத் தெரிந்ததால் வந்த சண்டை என்று என்னையும் கொஞ்சம் குறை சொன்னார்.

இனி நான் எழுத நினைத்த விசயத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். அந்த அம்மாவிடம் கேட்டபோது, "பேர் போடாம எழுது மகள்" என்றார்.

2007 மார்ச்சில் படுவான்கரையில் சண்டை கடுமையானபோது சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போய் முகாம்களில் இருந்தது. அந்த நாட்களில், விட்டுவந்த மாட்டைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிப் போன அவருடைய மகன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவர் போகாத இடம் இல்லை. 2013 இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு மட்டக்களப்புக்கு வந்தபோதும் போய்ச் சொன்னார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். இறந்ததாகச் சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு என்று விளக்கியபோது, "அதுக்கும் ஒரு கடதாசியா?" என்று மட்டும் கேட்டார். சொல்லிய ஒவ்வொன்றையும் வேறொருவர் எழுதினார். அவர் கைநாட்டு வைத்தார். பிரதிகளெல்லாம் ஒரு பிளாஸ்ரிக் பைலில். இதை வாசிக்கும் உங்களில் பலர் வீட்டிலும் அப்படியொரு பைல் அலுமாரியிலோ அரிசிப் பானைக்குப் பின்னாலோ இருக்கும்.

அவர் வகுப்புக்கு வந்து ஒன்றரை வருடம். மெதுவாகப் படித்தார். கண்ணாடி வாங்கிய பிறகு வேகம் வந்தது. போன வருடம் ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் போன பிறகும் வாங்கில் இருந்தார். பைலை மடியில் வைத்திருந்தார். ஒரு தாளை எடுத்து விரல் வைத்து, "மகள், இஞ்ச பார், கறுப்புச் சாரம் எண்டு கிடக்கு" என்றார். "நான் நீலம் எண்டுதானே சொன்ன?"

அந்தத் தாளின் எழுத்து என்னுடையது. 2018 இல் நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம். இன்னும் கீழே பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று போட்டிருந்தேன். "அவன் தச்சு வேலை பழகினவன். மேசை ஒண்டு செஞ்சவன், நீயும் அதிலதான் தேத்தண்ணி குடிச்ச." அவர் கோபத்தில் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று என் மேசைக்கு முன்னால் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள், வெயில், அவசரம், எல்லாம் உண்மைதான். ஆனால் நீலத்தைக் கறுப்பாக எழுதியது நான். ஏழு வருடமாக அந்தத் தாளை அவர் போகுமிடமெல்லாம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். யாராவது எங்காவது ஒரு நீலச் சாரத்தைப் பற்றிய தகவலை வைத்துக்கொண்டு இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் நித்திரையில் வருகிறது.

நான் படித்தது கிழக்குப் பல்கலைக்கழகத்தில், வந்தாறுமூலையில். 1990 இல் அந்த வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்ரெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. படிக்கும் காலத்தில் அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம். கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் என்ன நிறச் சாரம் உடுத்திருந்தார் என்று ஒரு தாயிடம் போய்க் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. கேட்டவரிடம் பிழையாக எழுதினேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். திருத்திய கடிதம் நானே எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "நீ எழுத்தைக் காட்டித் தா. நான் எழுதுறன்."

ஐந்து சனிக்கிழமைகள் எடுத்தது. முதலில் கொப்பியில் எழுதினார். அது விண்ணப்பம் மாதிரியே இருக்கவில்லை. மகனுக்குக் கணவாய்க் கறி விருப்பம், முட்டை அவித்தால் மஞ்சளை எடுத்து நாய்க்குப் போடுவான், வலது முழங்காலில் உளி பட்ட தழும்பு, போகும்போது "வெளிச்சத்தோட வந்திருவன்" என்று சொன்னான். சாரத்தின் நிறத்துக்கு வந்தபோது 'நீலம்' என்ற சொல்லை மூன்று தரம் எழுதினார். எந்த 'ல' என்று என்னைக் கேட்டார். பிறகு இதில் எது கடிதத்துக்கு, எது கொப்பிக்கு என்று இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். கணவாய்க் கறியை விடலாம் என்றேன். தழும்பு இருக்கட்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு இரண்டையும் கடிதத்தில் எழுதினார். "அவனைத் தெரிஞ்சவங்க வாசிச்சா அவன்தான் எண்டு விளங்கும்" என்றார். 'இரிக்கு' என்பதையும் திருத்தவில்லை. நான் புள்ளி வைக்கவும் இல்லை.

தபால் கந்தோருக்கு நானும் கூடப் போனேன். பற்றுச்சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். வரும்போது கடையில் பிளேன்ரீயும் வடையும் வாங்கித் தந்தார், காசு கொடுக்க என்னை விடவில்லை. கடிதம் கிடைத்ததாக ஒரு வரிப் பதில் வந்தது. அதற்கு மேல் இதுவரை ஒன்றுமில்லை. அவர் சனிக்கிழமைகளில் தவறாமல் வருகிறார். கொப்பியில் இப்போது மகனைப் பற்றி எழுதுவதில்லை, கீரைப் பாத்தியைப் பற்றி எழுதுகிறார். பழைய விண்ணப்பத்தை நான் கிழித்துவிடச் சொன்னேன். கிழிக்கவில்லை. பைலில் அதே இடத்தில் வைத்து, கறுப்பு என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறார்.

வெள்ளாமை வெட்டு நெருங்குகிறது. இந்தச் சனியோடு வகுப்பு நிற்கும், பங்குனியில்தான் மறுபடி. கடைசி நாள் என்று நினைத்து எல்லோரும் கொப்பியைத் தந்துவிட்டுப் போனார்கள். இரவு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தயிர்க்கார அக்காவின் கொப்பியில் பால் மணம். கன்று புல் மேயத் தொடங்கிவிட்டதாம். அம்மாச்சி தன் பெயரைப் பக்கம் முழுக்க எழுதியிருந்தார், எல்லாவற்றிலும் தும்பிக்கை. காட்டோரம் வயல் காக்கிற அந்தத் தங்கச்சி, முன்பு சிவப்பு மையைக் கண்டு வராமல் நின்றவள், இரண்டே வரி எழுதியிருந்தாள்.

"ராவு ஆனை வரல்ல. எல்லாரும் படுத்து நித்திரை கொண்டம்."